பாகூருக்கு வந்த கவாத்துக் கத்தி

மாமாவின் கத்தி தேய்ந்துபோய் வருஷக்கணக்காகிறது. வாங்கிய புதிதில் கட்டைவிரல் அகலம் இருந்த அலகு, சாணைக்கல்லுக்குப் பாதி உடம்பைக் கொடுத்துவிட்டு, நெத்திலி முள்ளைப் போல மெலிந்து வளைந்திருக்கிறது. பிடி மட்டும் அப்படியே இருக்கிறது. வியர்வையும் மாம்பாலும் ஏறிக் கறுத்த மரம். பாகூரில் அவர் வைத்திருக்கும் சின்னக் கொல்லையில் மாவுக்கு ஒட்டு கட்ட, மல்லிகையைக் கவாத்து எடுக்க, கொய்யாப் பதியனைத் தாய்ச்செடியிலிருந்து அறுத்தெடுக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கத்திதான். அதை அவர் கத்தி என்று சொல்லமாட்டார். ‘செர்ப்பெத்’ என்பார். வளைந்த அலகுள்ள தோட்டக் கத்திக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் அது.

மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்டவர்களைச் ‘சொல்தா’ என்போம். 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள நினைத்தவர்களுக்கு ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்த குடும்பங்களில் தாத்தா குடும்பமும் ஒன்று. அந்த ஒரு கையெழுத்தால் மாமா பட்டாளத்துக்குப் போனார், பிரான்சின் ஏதோ ஒரு வாரச் சந்தையில் இந்தக் கத்தியை வாங்கினார், ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். அப்போது அதை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வந்த புதுக் கத்திதான் மூன்று முறை கடல் கடந்தது.

இந்தக் கத்தி பிறந்த இடம் ஆல்ப்ஸ் மலையடிவாரத்துச் சவோய் நாடு. அங்கே அல்பியே என்ற ஊரையொட்டி இருந்த ஒப்பினெல் குடும்பத்துப் பட்டறையில் கோடரியும் கொடுவாளும் கவாத்துக் கத்தியும் அடித்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்க் கொல்லுப்பட்டறையில் நடக்கும் வேலைதான். அந்த வீட்டுப் பிள்ளை ஜோசப் ஒப்பினெல், 1890இல், குடியானவன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி செய்தார். 1897இல் அதையே 1 முதல் 12 வரை எண்ணிட்டுப் பன்னிரண்டு அளவுகளில் கொண்டுவந்தார். 1909இல் அலகின் மேல் முடி சூடிய ஒரு கையை முத்திரையாகப் பொறித்தார். பக்கத்து ஊரான சேன்-ழான்-த-மோரியேன் நகரச் சின்னத்தில் இருக்கும் கை அது. அந்நகரத் தேவாலயத்தில் புனித ஸ்நாபக அருளப்பரின் விரல் எலும்பு இருப்பதாக மக்கள் நம்புகிறார்கள். 1955இல், திறந்த அலகு வேலை நடுவே மடங்கி விரலை வெட்டாமலிருக்க, பிடியின் கழுத்தில் சுழலும் ஒரு வளையத்தைச் சேர்த்தார்கள். மாமாவின் பழைய கத்தியிலும் அந்த வளையம் உண்டு. திருப்பினால் இன்றைக்கும் ‘டக்’ என்று பிடிக்கும்.

பாரிஸ் புறநகரில் இருக்கும் மாமா மகளிடம் ஒருநாள் போனில் பேசும்போது அவர் சாதாரணமாகச் சொன்னதுதான் தொடக்கம். “செர்ப்பெத் தேஞ்சி போச்சும்மா. ஒண்ணு கெடைக்குமா பாரு.” அவள் அடுத்த வாரமே வாங்கிவிட்டாள். பழையது போலவே பீச் மரப் பிடி. அலகு மட்டும் துருப்பிடிக்காத எஃகு. கடல் காற்று அடிக்கும் ஊருக்கு அதுதான் தோது என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். தபால் நிலையத்தில் கொடுத்த சுங்கப் படிவத்தில், பொருள் என்ற இடத்தில் ‘குத்தோ’ என்று எழுதினாள். கத்தி என்று பொருள். கீழே இருந்த கட்டங்களில் ‘கதோ’ என்பதில் கோடு போட்டாள். அன்பளிப்பு என்று பொருள். அப்பாவுக்கு மகள் அனுப்புவது அன்பளிப்பு இல்லாமல் வேறென்ன? மனதில் இருந்ததை அப்படியே எழுதினாள். அந்த இரண்டு சொற்களும்தான் கத்தியைத் திருப்பி அனுப்பின.

வில்லியனூரில் என் வீட்டு முகவரிக்குத்தான் பார்சலைப் போட்டிருந்தாள். கொல்லையிலேயே கிடக்கும் மாமா தபால்காரரைத் தவறவிடுவார் என்று அந்த ஏற்பாடு. பார்சலுக்குப் பதிலாக எனக்கு ஒரு கடிதம் வந்தது. உள்ளே இருப்பது என்ன, எதற்காக, விலைச் சீட்டு எங்கே என்று கேட்டிருந்தார்கள். நான் பதில் எழுதத் தாமதித்தேன். எழுதிய பதிலும் அரைகுறை. விலைச் சீட்டு என்னிடம் இல்லை. தவணை கடந்தது. பதிமூன்று எழுத்தும் எண்ணுமாக இருக்கும் தபால் எண்ணைப் போட்டுப் பார்த்தால், பார்சல் வந்த வழியே போய்க்கொண்டிருந்தது. அந்த எண்ணின் கடைசி இரண்டு எழுத்து, அனுப்பிய நாட்டின் குறி. எஃப், ஆர். பார்த்தபோது நெஞ்சு கனத்தது. மாமாவிடம் எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை.

அந்த இரண்டு நாளில்தான் சட்டத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் ‘கதோ’. ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து சிறு மதிப்புள்ள அன்பளிப்புகள் வரியில்லாமல் வந்துகொண்டிருந்தன. 5,000 ரூபாய் வரை அனுமதி இருந்தது. அந்த வழியைச் சில அயல்நாட்டு இணைய வியாபாரிகள் கெடுத்தார்கள். விற்ற சரக்கையெல்லாம் அன்பளிப்பு என்று சீட்டு ஒட்டி ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். அதைத் தடுக்க 2019 டிசம்பரில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அன்பளிப்பு என்ற பெயரில் வரியில்லாமல் தபாலிலோ கூரியரிலோ எந்தப் பொருளும் வரக் கூடாது; முழு வரி கட்டினால் வரலாம். விலக்கு இரண்டுக்கு மட்டும்: உயிர் காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு. கயிறோடு வேறு பரிசு வைத்தால் அந்தப் பரிசுக்கு விலக்கு இல்லை.

இந்த விதியின் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் புதுச்சேரிக்காரனாக இதை என்னால் மனதார ஏற்க முடியவில்லை. பாதி வீடு இங்கேயும் பாதி வீடு பிரான்சிலுமாக வாழும் குடும்பங்கள் வில்லியனூரிலும் பாகூரிலும் உண்டு. தங்கை அண்ணனுக்கு அனுப்பும் கயிற்றுக்கு இடம் வைத்தவர்கள், மகள் தகப்பனுக்கு அனுப்பும் தோட்டக் கத்திக்கும் ஒரு சின்ன இடம் வைத்திருக்கலாம். வரி வாங்கட்டும். அன்பளிப்பு என்ற சொல்லே சந்தேகத்துக்குரியதாகிவிட்டதுதான் வலிக்கிறது.

அடுத்தது ‘குத்தோ’. இதுதான் பெரிய கதை. கத்தி என்று மட்டும் எழுதினால், பெட்டியைத் திறக்கும் அதிகாரி இரண்டு சட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒன்று 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். ஆயுதம் என்றால் என்ன என்று அது சொல்லும் இடத்தை நான் பலமுறை படித்தேன். தாக்கவோ தற்காத்துக்கொள்ளவோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட பொருள்கள் ஆயுதம். கூரான அலகுள்ளவையும் அதில் அடக்கம். ஆனால் வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ மட்டும் என்று செய்யப்பட்டவை ஆயுதம் ஆகா. இந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின் முதல் அட்டவணையில், வாள், குத்துவாள், பயனெட்டு, ஈட்டி, போர்க்கோடரி என்று ஒரு வரிசை உண்டு. கிர்பானும் குக்ரியும் உள்ளிட்ட கத்திகளும் அங்கே வருகின்றன. அலகு ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் அந்த வரிசையில் சேரும். அங்கேயும் அதே விலக்கு: வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைக்கப்பட்டவை நீங்கலாக.

ஒன்பது அங்குலம் என்பது 22.86 சென்டிமீட்டர். மாமாவின் கத்தி அதில் பாதிகூட இல்லை. ஆனால் என் கண் நின்றது அந்த அளவில் அல்ல, விலக்கில். பாகூர்க் கொல்லர் அடித்துக் கொடுக்கும் கொடுவாளை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னை மட்டை கழிக்கும் அரிவாள் ஒரு முழத்துக்கு மேல் இருக்கும், அகலம் உள்ளங்கை அளவு. அளவை மட்டும் பார்த்தால் அதுவும் ஆயுதமாகிவிடும். கள் இறக்குகிறவரின் பாளை அரிவாளைவிடக் கூரான பொருள் இந்த வட்டாரத்தில் இருக்கிறதா? அதுவும் ஆயுதம் ஆகவில்லை. எவ்வளவு கூர் என்று சட்டம் கேட்கவில்லை. எதற்காகப் பிறந்தாய் என்றுதான் ஒவ்வொரு இரும்பையும் கேட்கிறது. வெளிநாட்டுக் கத்தியை வரவழைக்கிறவர் அந்தக் கேள்விக்குரிய பதிலைப் பெட்டியின் மேலேயே எழுதிவிட வேண்டும். எங்கள் பெட்டியின் மேல் அந்தப் பதில் இல்லை.

இரண்டாவது சுங்கக் கட்டண அட்டவணை. உலகத்துப் பொருள்களையெல்லாம் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து எண் கொடுத்திருக்கும் பெரிய புத்தகம் அது. இரும்புக் கருவிகள் 82ஆம் அத்தியாயம். ஆயுதங்கள் 93ஆம் அத்தியாயம். கதிர் அரிவாள், கோடரி, கொடுவாள் ஆகியவை 8201. கத்திகள் 8211. அந்தத் தலைப்பின் வாசகத்திலேயே, கவாத்துக் கத்திகள் உட்பட, என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது, யாரோ நம் கொல்லையைப் பார்த்துவிட்டுப் போய் எழுதியது போல இருந்தது. அலகு மடங்கினால் அதற்குள் தனி எண், 8211.93. வாளும் பயனெட்டும் ஈட்டியும் அவற்றின் உறைகளும் 9307. அவற்றை நாட்டுக்குள் கொண்டுவர ஆயுதச் சட்டத்தின் 10ஆம் பிரிவு உரிமம் கேட்கிறது. 82ஆம் அத்தியாயத்தின் வாசல் வழியே வரவேண்டிய பொருள், பெயர் தெளிவாக இல்லாததால் 93ஆம் வாசலில் நிற்க நேர்ந்தால், நிற்கும் நேரமெல்லாம் தவணை கரையும்.

93ஆம் அத்தியாயத்துப் பொருள் பாகூருக்குப் புதிதல்ல. 1752இல் ஸ்டிரிங்கர் லாரன்சின் ஆங்கிலேயப் படையும், ஆளுநர் துய்ப்ளேக்சின் உறவினரான கெர்ழான் நடத்திவந்த பிரெஞ்சுப் படையும் பாகூர் வெளியில் மோதின. இரண்டு பக்கக் காலாட்படையும் பயனெட்டு முனைக்குப் பயனெட்டு முனையாகக் கலந்து குத்திக்கொண்ட சண்டை அது. ஐரோப்பியப் போர்களிலேயே அது அபூர்வம் என்று படை வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள், கெர்ழான் பிடிபட்டார். பயனெட்டு என்ற பெயரே பிரான்சின் பயோன் நகரத்திலிருந்து வந்தது. ஆக, பிரான்சு தேசத்து அலகு பாகூருக்கு வந்து 270 வருஷத்துக்கு மேலாகிறது. அன்றைக்கு அது கேட்டுக்கொண்டு வரவில்லை. விளைச்சல் நிலத்தை மிதித்துக்கொண்டு வந்தது. இந்த ஊர் ஏரிப் பாசனத்து நெல் ஊர். அந்த வயலில் எத்தனை வருஷம் கதிருக்குப் பதில் எலும்பு அகப்பட்டதோ.

சுங்கமும் எங்களுக்குப் புதிதல்ல. சங்க காலப் பட்டினப்பாலையில் துறைமுகத்துச் சரக்கின் மேல் சோழர்களின் புலி முத்திரை குத்தும் காட்சி இருக்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றே பெயர். ஆனால் வில்லியனூர், பாகூர் மக்கள் அறிந்த சுங்கம் துறைமுகத்தில் இல்லை, வரப்பில் இருந்தது. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. ஒரு கொம்யூனுக்கும் அடுத்த கொம்யூனுக்கும் நடுவே ஆங்கிலேயர் கிராமம் வரும், அதைத் தாண்டினால் மறுபடி பிரெஞ்சுக் கிராமம். வரைபடத்தில் பார்த்தால் கிழிந்த வேட்டியில் ஒட்டுப் போட்டது போலிருக்கும். 1941இல் பிரெஞ்சு இந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் சுங்க ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டு இந்த வேலிகள் தளர்ந்தன. சுதந்திரம் வந்த பிறகு, 1949இல், அந்த ஒப்பந்தம் முடிந்து வேலி திரும்ப விழுந்தது. சாலைக்குச் சாலை சாவடி. வீடு பிரெஞ்சிலும் நிலம் இந்தியாவிலுமாக இருந்தவர்கள் களைக்கொத்தும் கருக்கரிவாளுமாக ஒரு நாளைக்கு இரண்டு முறை தேச எல்லை கடந்தார்கள்.

பாட்டி சொன்ன ஒன்று எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. புல் அறுத்துக்கொண்டு வரும்போது சாவடிக்காரர் கட்டை இறக்கச் சொல்லி, கம்பியால் புல்லுக்குள் குத்திப் பார்ப்பாராம். இடுப்பில் செருகியிருந்த அரிவாளை அவர் ஒருநாளும் கேட்டதில்லையாம். “அரிவாளு எதுக்குன்னு அவனுக்குத் தெரியும். புல்லுக்குள்ள என்னா இருக்குதுன்னுதான் தெரியாது.” 82ஆம் அத்தியாயத்தையும் ஆயுதச் சட்டத்தின் விலக்கையும் படித்து நான் புரிந்துகொண்டதை, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி அந்த ஒரு பேச்சில் சொல்லிவிட்டிருந்தார்.

புல்லுக்குள் குத்திப் பார்க்கவும் அவர்களுக்குப் பழைய காரணங்கள் இருந்தன. 1878ஆம் வருஷத்து ஆங்கிலேயரின் ஆயுதச் சட்டம் பிரெஞ்சு மண்ணில் செல்லாது. அதனால்தான் தேசப் போராளிகள் புதுச்சேரியைத் தேடி வந்தார்கள். 1910இல் வ.வே.சு. ஐயர் இங்கே வந்து சேர்ந்தார். வாஞ்சிநாதன் அவரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றுப் போய், 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டார். அதன் பிறகு புதுச்சேரியிலிருந்து வரும் எந்தப் பெட்டியையும் ஆங்கிலேயர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். இன்றைக்கும் கடலூர் ஆல்பேட்டைச் சாவடியில் எங்கள் பக்கத்து வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள். தேடுவது சாராய பாட்டில். சாவடி என்ற சொல் எங்கள் வாழ்க்கையை விட்டுப் போகவே இல்லை. சுங்கத்துக்குப் பிரெஞ்சில் ‘துவான்’ என்று பெயர். நாம் அரண்மனைக் கதைகளில் கேட்கும் ‘திவான்’ என்ற பாரசீகச் சொல்லின் வழிவந்ததுதான் அதுவும்.

1954 அக்டோபர் 18இல் வில்லியனூருக்கு மேற்கே கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், எதிராக 8 பேர். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு நான் முன்னே சொன்ன 1962 ஆகஸ்ட் 16. அதே வருஷம் அக்டோபர் 1இல் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. 1963 பிப்ரவரி 1இல் 1962ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டம் வந்தது. ஆறு மாதத்துக்குள் மூன்றும். அதே ஆறு மாதத்தில்தான் தாத்தா தன் குடியுரிமைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். இந்தியச் சட்டங்கள் பலவற்றையும் 1963ஆம் வருஷத்துப் புதுச்சேரி ஒழுங்காணை இங்கே நீட்டித்தது. மாமாவின் குடும்பம் பிரான்சுப் பக்கமும், அவருடைய கொல்லை இந்தியச் சட்டத்தின் பக்கமுமாக நின்றது அப்போதிருந்துதான்.

நான் இதையெல்லாம் சொல்லப் போனபோது மாமா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். “திரும்பிப் போயிடுச்சா?” என்றார். கொஞ்சம் பொறுத்து, “என் பேர்ல அனுப்பச் சொல்லு. சொல்தா வீட்டுக்குன்னு எழுதச் சொல்லு. எனக்கு வந்த பென்சன் கடுதாசி ஒண்ணுகூடத் தவறினதில்ல” என்றார். பக்கத்து வீட்டுக்காரர் வேறு வழி சொன்னார். மகள் வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வரட்டுமே? அதுவும் சரியான வழிதான். 2016ஆம் வருஷத்துப் பயணச் சாமான் விதிகள் பிரான்சிலிருந்து வரும் நம்மவர்களுக்கு 50,000 ரூபாய் வரையான சொந்தச் சாமானை வரியின்றி விட்டன. விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் வைக்க வேண்டும், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையிலேயே பறிபோகும். ஆனால் அவள் அடுத்து வருவது இரண்டு வருஷம் கழித்து. மாமாவின் மாஞ்செடிகளுக்கு ஒட்டுக் கட்டும் பருவம் அதுவரை நிற்காது.

இரண்டாம் முறை பெட்டியின் மேல் என்ன எழுதுவது என்று மூவரும் போனில் பேசி முடிவு செய்தோம். சுங்கப் படிவத்துக்குத் தபால்காரர்கள் மொழியில் சிஎன்23 என்று பெயர். 1874இல் தொடங்கிய உலகத் தபால் ஒன்றியத்தின் ஆட்சிமொழி பிரெஞ்சு என்பதால் படிவத்திலும் பிரெஞ்சு இருக்கும். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் பட்டாளத்துப் பிரெஞ்சில் ஒவ்வொரு சொல்லாக மகளுக்குச் சொன்னார். அவள் ஆங்கிலத்திலும் சேர்த்து எழுதினாள். தோட்டத்துக் கவாத்துக் கத்தி. மடக்கும் வகை. கையால் திறப்பது. மரப் பிடி. எண்ணிக்கை ஒன்று. அலகின் நீளம் இவ்வளவு. எண் 8211.93. அன்பளிப்புக் கட்டத்தில் கோடு இல்லை. விலை, கடைச் சீட்டில் இருந்தபடி, ஒரு காசு குறைக்காமல். சீட்டின் நகல் ஒன்று பெட்டிக்கு வெளியே, இன்னொன்று உள்ளே. மடக்கிய கத்தியை அட்டையில் சுற்றி, அசையாமல் கட்டி வைத்தாள். பிரிக்கிற கை யாருடையதாக இருந்தாலும் கிழிபடக் கூடாதல்லவா.

விலையைக் குறைத்து எழுதும் ஆசை வராமல் இல்லை. மாமா மகளின் தோழி ஒருத்தி அப்படித்தான் யோசனை சொன்னாளாம். நான் வேண்டாம் என்றேன். பொருளையோ விலையையோ மாற்றிச் சொன்னால் சுங்கச் சட்டத்தின் 111ஆம் பிரிவின்படி பறிமுதல் செய்யலாம். 125ஆம் பிரிவின்படி அபராதம் கட்டி மீட்க வேண்டிவரும். பதினைந்து இருபது யூரோ கத்திக்கு அந்தப் பாடு எதற்கு? அதைவிட, சந்தேகம் வராத பெட்டியில் சந்தேகத்தை நாமே வைத்து அனுப்புவது போலாகிவிடும்.

‘கையால் திறப்பது’ என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. தில்லியில் 1980ஆம் வருஷ அறிவிக்கை ஒன்று, பொத்தானை அழுத்தியதும் விசையால் பாயும் கத்திகளை உரிமக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டினாலே போதும். அந்த அளவில் நம் வீட்டுக் காய்கறிக் கத்தியும் அடங்கும், ஆனால் அறிவிக்கை குறிவைத்தது அளவை மட்டுமல்ல, பாயும் விசையையும்தான். தில்லி அறிவிக்கை பாகூருக்குப் பொருந்தாது. இருந்தாலும் பொத்தான் கத்தி, ஊன்றுகோலுக்குள் ஒளித்த கத்தி, சாவிக்கொத்து போல மறைத்த கத்தி ஆகியவற்றை யார் கேட்டாலும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அவை பிறந்த காரணத்தை எந்தச் சீட்டு எழுதியும் மாற்ற முடியாது. 2018 மே மாதம் அவுரங்காபாத்தில், இணையம் வழியாக வாங்கிய வாள்களையும் கத்திகளையும் போலீசார் கைப்பற்றினார்கள். ஊரில் கலவரம் நடந்து ஓய்ந்த நேரம் அது. சுங்கத்தைத் தாண்டிவிட்டால் எல்லாம் தாண்டியாயிற்று என்று நினைப்பவர்கள் அதை மறக்கக் கூடாது.

பிடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரான்சில் லாயோல் வகைக் கத்திகள் பேர் பெற்றவை. கொம்பிலும் தந்தத்திலும் பிடி போட்டவை பார்க்க மனதை இழுக்கும். தந்தத்தின் பன்னாட்டு வியாபாரத்துக்கு 1990 முதல் தடை இருக்கிறது. மான் கொம்பு என்றால் இங்கே 1972ஆம் வருஷத்து வனவுயிர்ச் சட்டம் நிற்கிறது. பீச் மரத்துக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. எளிய குடியானவனுக்கு என்று செய்த கத்திக்கு எல்லை கடப்பதிலும் எளிமைதான் துணை வந்தது.

இந்தத் தடவை கடிதம் வரவில்லை. தபால் எண்ணைப் போட்டுப் பார்த்தபோது பெட்டி சென்னையில் சுங்கத்தைக் கடந்திருந்தது, மறுநாள் புதுச்சேரி, அதற்கு அடுத்த நாள் பாகூர். போஸ்ட்மேன் சைக்கிள் மணியை அடித்து, வரித் தொகையையும் சொல்லி நின்றாராம். தனி ஒருவர் சொந்த உபயோகத்துக்குத் தபாலில் வரவழைக்கும் பொருளுக்கெல்லாம் 9804 என்று ஒரே தலைப்பு. அந்தக் காலத்துக் கணக்கு இப்படி: பொருளின் விலையும் தபால் செலவும் சேர்த்து 1,000 ரூபாய் என்று வையுங்கள். அடிப்படை வரி 35 சதவீதம், 350 ரூபாய். அதன் மேல் சமூக நலக் கூடுதல் வரி பத்து சதவீதம், 35 ரூபாய். ஆக 1,385. அதன் மேல் 28 சதவீத ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி., 387 ரூபாய் 80 காசு. மொத்த வரி 772 ரூபாய் 80 காசு. நூற்றுக்கு 77.28. பின்னால் வந்த பட்ஜெட்டுகளில் அடிப்படை வரியைக் குறைத்திருக்கிறார்கள். வாங்குகிற அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. தபாலில் வராமல் கூரியரில் வந்திருந்தால் மாமாவின் அடையாள அட்டை நகலையும் முன்கூட்டியே கேட்டிருப்பார்கள்.

மாமா முகம் சுளிக்காமல் எண்ணிக் கொடுத்தார் என்று மாமி சொன்னார். பென்ஷன் பணம். ரசீதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்திருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டி பிரிக்காமல் திண்ணையில் இருந்தது. எனக்காகக் காத்திருந்தாராம். மேலே ஒட்டியிருந்த சீட்டில் மகளின் கையெழுத்தை விரலால் தடவி, “செர்ப்பெத்” என்று வாய்விட்டுப் படித்தார். அப்புறம் இடுப்பிலிருந்து பழைய கத்தியை எடுத்து, வளையத்தைத் திருப்பி, மெலிந்த அலகால் ஒட்டு நாடாவை ஓரமாகக் கீறினார். அட்டையைப் பிரித்து புதுக் கத்தியை வெளியே எடுத்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அலகின் முடி சூடிய கையைப் பார்த்தார். திறந்தார், வளையத்தைத் திருப்பினார், மூடினார், மறுபடி திறந்தார். கட்டைவிரல் நகத்தின் மேல் அலகை லேசாக வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து கொல்லைக்குப் போனார்.

பையில் வளர்த்த மாங்கன்று வரிசையில் ஒன்றின் தலையைக் கழித்து நடுவே பிளந்தார். ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்த தாய்க் குச்சியின் அடியை இரண்டு பக்கமும் ஆப்பு போலச் சீவினார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே இழுப்பு. பழைய கத்தியில் மூன்று இழுப்பு ஆகும். வெட்டு கண்ணாடி போல இருந்தது. பிளவில் செருகி பாலிதீன் நாடாவால் சுற்றிக் கட்டினார்.

“பழசு?” என்று கேட்டேன்.

திண்ணையில் கிடந்ததை எடுத்து அலகை மடக்கினார். “இது தேங்கா நாரு கிழிக்க ஆவும்” என்று சொல்லி மாமியிடம் கொடுத்தார்.